மெல்வின் ஹௌகனின் வெள்ளிக்கிழமை வண்டி

வண்டி சிகாகோவின் சரக்குக் கிடங்குகளைத் தாண்டி முதல் சோளக்காடு கண்ணில் பட்டதும் மெல்வின் ஹௌகன் எழுந்து கடைசிப் பெட்டிக்குப் போவார். அங்கே திரும்பி நின்று, எஞ்சினை நோக்கி ஒவ்வொரு பெட்டியாக நடந்து வருவார். வலது கை கோட்டுப் பைக்குள் இருக்கும். பைக்குள் உள்ளங்கையில் அடங்கும் ஓர் எண்ணும் கருவி. கட்டைவிரலால் ஒரு தடவை அமுக்கினால் ஒன்று கூடும். தூங்குகிறவர், சீட்டாடுகிறவர், தாய் மடியில் கிடக்கும் கைக்குழந்தை, எல்லோருக்கும் ஆளுக்கு ஓர் அமுக்கல். முன்பெட்டிக்கு வந்து சேர்ந்ததும் கருவியை வெளியே எடுத்துப் பார்ப்பார். எண்ணைச் சிறிய நோட்டில் எழுதுவார். அதன் பிறகுதான் சாப்பாட்டுப் பெட்டியில் போய் உட்கார்ந்து காப்பி கேட்பார்.

இருபத்திரண்டு வருடம், வெள்ளிக்கிழமைதோறும் இதைச் செய்தார். பிரேரி அண்ட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியில் பயணிகள் வண்டிகள் எல்லாவற்றுக்கும் தலைமை மேலாளர் அவர். எண்ணிக்கை வேண்டுமென்றால் மணியடித்துக் கேட்டால் போதும், தட்டச்சு செய்த தாளில் மேசைக்கு வந்துவிடும். இருந்தாலும் அவர் தாளை நம்புகிற ஆள் இல்லை.

அந்த வண்டிக்கு புளூஸ்டெம் என்று பெயர். எங்கள் பக்கம் வயல் வரப்பிலெல்லாம் வளரும் நீலத்தண்டுப் புல்லின் பெயர் அது. சிகாகோவில் மாலை நாலு நாற்பதுக்குப் புறப்பட்டு ஒன்பது ஐந்துக்கு எங்கள் ஊரான ஆல்மிராவுக்கு வரும். மறுநாள் காலை பத்துப் பத்துக்குத் திரும்பிப் போகும். அயோவா மாநிலத்தில் ஆல்மிராவைப் போன்ற ஊர்கள் நிறைய உண்டு. ரயிலுக்காகவே உண்டாகி, ரயிலாலேயே சாப்பிட்ட ஊர்கள். மூன்று வீட்டில் இரண்டு வீட்டுக்குக் கம்பெனிச் சம்பளம்தான் வந்துகொண்டிருந்தது. மீதி ஒரு வீடு அந்த இரண்டு வீட்டுக்கும் சப்பாத்து விற்கும், பல் பிடுங்கும், அல்லது எங்களைப் போல் பத்திரிகை போடும்.

மெல்வின் இங்கே பிறந்தவர். தண்டவாளம் போடும் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்த நார்வேக்காரர் ஒருவரின் மூன்றாவது மகன். பதினெட்டு வயதில், 1927இல், ஆல்மிரா ஸ்டேஷன் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் போய் நின்றார். அண்ணன்மார் இருவரும் எஞ்சினுக்குப் போனார்கள். இவருக்கு எஞ்சினில் ஆசை இல்லை. எஞ்சினுக்குப் பின்னால் வருகிறவர்கள்மேல்தான் கண். யார் எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள், ஏன் திரும்பி வரவில்லை என்று விசாரித்துக்கொண்டே இருப்பார். அதனால் ஜன்னலில் வரிசை நீண்டுபோகிறது என்று முதல் வருடமே ஒரு புகார் போனது. அதே விசாரிப்பு அவரைப் பத்து வருடத்தில் பயணிகளைத் தேடி ஊர் ஊராகப் போகும் அதிகாரியாக்கியது. விவசாயக் கண்காட்சி, சர்ச் மாநாடு, கல்லூரிக் கால்பந்து ஆட்டம் எங்கே நடந்தாலும் அங்கே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். போர் வந்தபோது சிப்பாய் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. அந்த நாலு வருடத்தில் ஒரு பெட்டியையும் காலியாக விடவில்லை, ஒரு வண்டியிலும் சாப்பாடு தீர்ந்துபோகவில்லை என்பார்கள். 1946இல் சிகாகோ தலைமை அலுவலகத்தின் ஒன்பதாவது மாடிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அவர் அறை ஜன்னலில் ஏரி தெரியும்.

மனைவி வெர்னா கூடப் போகவில்லை.

வெர்னா ஆல்மிரா ஸ்டேஷனுக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கடையை நடத்திக்கொண்டிருந்தார். பதினான்கு ஸ்டூல், ஒரு வளைந்த மேசை, கண்ணாடிப் பெட்டிக்குள் ‘பை’ என்கிற அடுப்பில் சுட்ட இனிப்புப் பலகாரம். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட பை அவர் கையால் செய்தது போல எங்கும் கிடையாது என்று நெப்ராஸ்கா வரைக்கும் பேச்சு. வண்டிக்காரர்கள் சாப்பிடுகிற நேரம் என்று ஒன்று இல்லை. அதனால் கடைக்கும் மூடுகிற நேரம் என்று ஒன்று இல்லை. பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் கடைதான் அவருக்குச் சத்தமும் சந்தடியும். சிகாகோவுக்கு வா என்று மெல்வின் இரண்டு தடவை கூப்பிட்டதாகவும், அங்கே போய் யாருக்குச் சமைக்க, உனக்கு ஒரு துண்டுக்கு மேல் இறங்காதே என்று வெர்னா சொன்னதாகவும் கடையில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது தடவை அவர் கூப்பிடவில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நாலு நாற்பதுக்கு ஏறுவார், ஞாயிற்றுக்கிழமை பத்துப் பத்துக்குத் திரும்புவார். லூத்தரன் சர்ச்சில் ஒன்பதரைக்கு வழிபாடு. பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே மெல்வின் எழுந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிரசங்கத்தின் முடிவையும் அவர் கேட்டதில்லை. நல்லவேளை, பாவத்தைப் பற்றிய பகுதி எப்போதும் கடைசியில்தான் வரும் என்பார் பாதிரியார்.

ஆக, வாரத்தில் ஒன்றரை நாள் கல்யாண வாழ்க்கை. அந்த ஒன்றரை நாளை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது புளூஸ்டெம்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டார்.

1967 இலையுதிர் காலத்தில் தபால் துறை தன் பெட்டியை வண்டியிலிருந்து கழற்றிக்கொண்டது. அதுவரை பயணிகள் வண்டிகளின் செலவில் பாதியைச் சுமந்தது தபால்தான். ஒரு மாதத்துக்குள் கம்பெனித் தலைவர் மெல்வினைக் கூப்பிட்டு, புளூஸ்டெமை நிறுத்த அனுமதி கேட்டு அரசாங்க ரயில் கமிஷனிடம் மனு போட்டாயிற்று என்றார். ஜனவரியில், அதே பாதையில் இருக்கும் கிரான்டன் ஊர் நீதிமன்றத்தில் விசாரணை. இந்த வண்டியில் ஏற ஆள் இல்லை என்று கம்பெனிப் பக்கத்துச் சாட்சியாக வந்து சொல்ல வேண்டியவர் பயணிகள் மேலாளர். வேறு யார் சொன்னால் எடுபடும்?

அந்த வெள்ளிக்கிழமை மெல்வின் ஸ்டேஷனில் இறங்கி நேராகக் கடைக்குள் வந்தார். நானும் அங்கே இருந்தேன். மறுநாள் பத்திரிகைக்குக் கடைசிச் செய்தி கிடைக்குமா என்று அந்த வண்டி வரும் நேரத்துக்குக் கடையில் காத்திருப்பது என் வழக்கம். தொப்பியைக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். கண்டக்டர் எம்மெட் டூலன் அப்போதுதான் வேலை முடித்துவிட்டு வந்து பக்கத்து ஸ்டூலில் சாய்ந்திருந்தார். மெல்வினோடு ஒரே வகுப்பில் படித்தவர், ஊரில் அவரை மெல் என்று கூப்பிடும் இரண்டு மூன்று பேரில் ஒருவர்.

"அப்ப நீயே போய் கழுத்தறுக்கப் போறியா மெல்?" என்றார் எம்மெட்.

"உண்மையைச் சொல்லப் போறேன்."

"அதைத்தான் நானும் சொன்னேன்."

மெல்வின் கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இன்னைக்கு நூத்தி இருபத்தாறு தலை. போன வாரம் நூத்தி முப்பத்தொண்ணு. ஆளில்லாத வண்டியா இது?"

வெர்னா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, வண்டி நின்றுபோனால் இவர் எப்படி வீட்டுக்கு வருவார் என்று யாரைப் பார்த்தும் இல்லாமல் கேட்டார்.  பிறகு அவரே, கடையும்தான், வண்டி இல்லாத ஸ்டேஷனில் யார் வந்து சாப்பிடுவார்கள் என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததில் எங்கள் பத்திரிகைக்கும் பங்கு உண்டு. விசாரணை நாளில் ஊரே கிரான்டனுக்குப் போய் நிற்க வேண்டும் என்று முதல் பக்கத்தில் எழுதினோம். சர்ச்சில் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டினார்கள். ஜனவரிக் குளிரில், மூக்கு விறைக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்துப் பத்து வண்டி பிடிக்க ஆல்மிரா பிளாட்பாரத்தில் இடமில்லை. எஞ்சினில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அவர்களுடைய மனைவிமார், சிக்னல்காரர்கள், கிடங்கு குமாஸ்தாக்கள், பள்ளிக்கூட வாத்தியக் குழு. சாப்பாட்டுப் பெட்டியில் நின்றுகொண்டே காப்பி குடித்தோம். எம்மெட் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்த நடையில் ஒரு மாப்பிள்ளைத் தோழனின் பெருமை இருந்தது. கூட்டத்தை எண்ணுவது என் தொழிலும்தான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என்று குறித்துக்கொண்டேன். போர் முடிந்த பிறகு ஒரு வேலைநாளில் அந்த வண்டி அவ்வளவு நிறைந்து போனதில்லை.

நீதிமன்றக் கூடத்தில் நின்றவர்கள் படிக்கட்டு வரை நின்றார்கள். விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது தடவை பார்த்தார். மெல்வின் முன்வரிசையில் கம்பெனி வக்கீல் பிரெண்டிஸ் கார்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று காலை சிகாகோவிலிருந்து கம்பெனிக் காரில் அழைத்து வந்திருந்தார்கள்.

முதலில் கார்ல் கேட்டதற்கெல்லாம் மெல்வின் கம்பெனித் தாளில் உள்ளபடியே பதில் சொன்னார். ஒரு நடைக்குச் சராசரி பத்தொன்பது பயணிகள். கூடம் முனகியது. அடுத்து எங்கள் மாவட்டத்து வக்கீல் வெசெலி எழுந்தார். வயதில் சின்னவர், முந்தின நாள்தான் முதல் தடவை மெல்வினோடு போனில் பேசியிருந்தார்.

"இந்த வண்டியில எத்தனை பேரு போறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், மிஸ்டர் ஹௌகன்?"

"ரெண்டு கணக்கு இருக்குங்க. கம்பெனியோடது ஒண்ணு. என்னோடது ஒண்ணு."

கார்ல் தலையை நிமிர்த்தினார்.

"உங்களோடதுன்னா?"

"நான் நடந்து போய் எண்ணினது."

இருபத்திரண்டு வருடத்து நோட்டுகளையும் மெல்வின் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். போன மாதத்து வெள்ளிக்கிழமைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். நூற்று முப்பத்தொன்று, நூற்றுப் பதினெட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நூற்று எழுபது. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சம்பளம் கொடுக்கும் கம்பெனிக்கு எதிராக, அந்தக் கம்பெனியின் சாட்சியாகவே நின்று, ஓய்வூதியத்துக்கு ஆறு வருடம் இருக்கும்போது ஒருவர் இதைச் செய்கிறார் என்பது கூடத்தில் இருந்த ஒவ்வொரு ரயில்காரனுக்கும் தெரிந்தது. யாரும் கைதட்டவில்லை. ஆண்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள்.

கார்ல் மறுபடி எழுந்தார். அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"அந்த நூத்தி முப்பத்தொரு பேருல டிக்கெட் வாங்கினவங்க எத்தனை பேரு?"

"நான் தலையைத்தான் எண்ணுவேன். கையில என்ன இருக்குன்னு பாக்கறதில்ல."

"நீங்க எதுல போனீங்க?"

"பாஸ்ல."

"உங்களையும் சேத்துத்தான் எண்ணினீங்களா?"

மெல்வின் கொஞ்சம் யோசித்தார். "ஆமா. நானும் வீட்டுக்குத்தானே போறேன்."

கூடம் சிரித்தது. கார்ல் சிரிக்கவில்லை. எம்மெட்டைச் சாட்சிக்கு அழைத்தார். இன்று காலை வண்டியில் எத்தனை டிக்கெட்டில் துளை போட்டீர்கள் என்று கேட்டார்.  எம்மெட் மெல்வினைப் பார்த்தார். பிறகு கூடத்தில் நின்ற எங்கள் எல்லோரையும், முகம் முகமாக, பெட்டியில் நடப்பது போலப் பார்த்தார். அந்தப் பார்வை என்மேல் வந்தபோது என் கை சட்டைப் பையில் இருந்த டிக்கெட்டைத் தேடியது.

"நாலு," என்றார் எம்மெட்.

அந்த நாலில் ஒன்று பத்திரிகைக் கணக்கில் நான் வாங்கியது. மீதி மூன்றை வாங்கியவர்கள் பல் டாக்டரும் அவர் குடும்பமும். மற்ற இருநூற்று எட்டுப் பேரும், வண்டியைக் காப்பாற்ற என்று கிளம்பி வந்த அத்தனை பேரும், சட்டைப் பையில் கம்பெனி பாஸை வைத்துக்கொண்டு இலவசமாக வந்திருந்தார்கள். பாஸில் போகிறவன் பயணி இல்லை என்பது எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றியதே இல்லை. ரயில்காரனும் அவன் குடும்பமும் டிக்கெட் வாங்குவதா? பேக்கரிக்காரன் பக்கத்துத் தெருவில் போய் ரொட்டி வாங்குவானா? முப்பது வருடமாகக் கேட்கிறவனுக்கெல்லாம், ஓய்வு பெற்றவனின் விதவைக்கு, அவள் தங்கைக்கு என்று பாஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் மெல்வின். நீ கொடுத்த பாஸை ஒட்டினால் ஸ்டேஷன் சுவர் முழுக்க மூடிவிடலாம் என்று எம்மெட்டே கேலி செய்ததுண்டு.

அன்று திரும்பும் வண்டியில் பள்ளிக்கூடக் குழு வாத்தியங்களை உறையை விட்டு எடுக்கவில்லை. மெல்வின் கம்பெனிக் காரில் சிகாகோவுக்குப் போய்விட்டார்.

அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஒன்பதாவது மாடியிலிருந்து மூன்றாவது மாடிக்கு மாற்றினார்கள். இனி பாஸ் வழங்கும் பிரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, கொஞ்சம் நகைச்சுவை உள்ளவராக இருந்திருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை கடையில் அதைச் சொன்னபோது மெல்வின் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அங்கே ஜன்னலில் ஏரி தெரியாது, ஆனால் கீழே போகிற வண்டிகளின் சக்கரம் தெரியும் என்றார்.

கமிஷன் மார்ச்சில் உத்தரவு போட்டது. ஜூன் முப்பது வரை வண்டி ஓடலாம். அதற்குள், டிக்கெட் வாங்கிய பயணிகளின் சராசரி ஐம்பதைத் தொட்டால் மறுபடி யோசிக்கலாம்.

உத்தரவு வெளியான புதன்கிழமை வெர்னா கடையைப் பணிப்பெண்ணிடம் விட்டுவிட்டு, ஏப்ரனை அவிழ்த்து மாட்டி, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு டிக்கெட் ஜன்னலுக்குப் போய் கிரான்டனுக்கு ஒரு போகவர டிக்கெட் கேட்டார். ஸ்டேஷன் ஏஜென்ட் ஆரின் ஸ்கோலண்ட் தன் காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டார்.

"உனக்கு எதுக்கு வெர்னா டிக்கெட்டு? பாஸ் ஆபீசரே உன் புருஷன்தானே?"

"அதனாலதான் கேக்கறேன். குடு, கேள்வி கேக்காம குடு."

ஆரின் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாராம். ரயில்காரன் மனைவி காசு கொடுத்து வண்டி ஏறியது மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சிலருக்கு அது வெர்னா தெருவில் நின்று பிச்சை கேட்டது போல இருந்தது. ஓய்வு பெற்ற டிரைவர் ஹாலிஸ் கிரீன் கடைக்கு வந்து நேராகவே கேட்டார்.

"நாப்பத்தொரு வருஷம் நான் ஓட்டின வண்டி. அதுல ஏற நான் காசு குடுக்கணுமா? நடந்தே போயிடுவேன்."

"நட," என்றார் வெர்னா. "ஜூனுக்கு அப்புறம் எல்லாரும் அதைத்தான் செய்யப் போறோம்."

வெர்னா ஒவ்வொரு புதன்கிழமையும் போனார். கிரான்டனில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. நீதிமன்றத்துக்கு எதிரில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கையில் கொண்டுபோன சாண்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டு மாலை வண்டியில் திரும்புவார். மெல்ல மெல்ல மற்றப் பெண்கள் சேர்ந்தார்கள். வேடிக்கையாகத் தொடங்கிப் பிடிவாதமாக மாறியது. ஆண்கள் வெட்கப்பட்டு, வேறு வேலைக்குப் போவது போல ஜன்னலுக்குப் போய், குரலைத் தாழ்த்தி டிக்கெட் கேட்டார்கள். ஏப்ரலில் சராசரி இருபத்தாறு. மே மாதம் முப்பத்தொன்று. ஹாலிஸ் கிரீன் கடைசிவரை வாங்கவில்லை. மகன் காரில்தான் போய்வந்தார்.

இன்னொருவரும் வாங்கவில்லை. அது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மெல்வின் சிகாகோ ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் நின்றிருக்கிறார். பணம் கையில் தயாராக இருந்தது. முறை வந்ததும் உள்ளே இருந்த குமாஸ்தா அவரை அடையாளம் கண்டு எழுந்து நின்று, என்ன வேண்டும் சார் என்றிருக்கிறான். மெல்வின் புதிய கால அட்டவணை ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, பாஸைக் காட்டி வண்டி ஏறிவிட்டார். பதினெட்டு வயதிலிருந்து ஜன்னலுக்கு உள்ளே நின்ற மனிதர். வெளியே நிற்க அவரால் முடியவில்லை.

ஜூன் முப்பது ஞாயிற்றுக்கிழமை. சராசரி ஐம்பதைத் தொடாததால் வண்டிக்கு அன்றே கடைசி நாள். பாதிரியார் வழிபாட்டை எட்டு மணிக்கு மாற்றிவிட்டார். அன்றைக்கு ஒரு நாளாவது ஹௌகன் முழுப் பிரசங்கத்தையும் கேட்கட்டும் என்றார். மெல்வின் கேட்டார். முடிவு சுமார்தான் என்று வாசலில் சொன்னார். அங்கிருந்து சர்ச்சே ஸ்டேஷனுக்கு நடந்தது.

பிளாட்பாரத்தில் நாலு மாவட்டத்து ஜனம். புகைப்படக்காரர்கள், எங்கிருந்தோ வந்த ரயில் பைத்தியங்கள், தோளில் குழந்தையைத் தூக்கிவைத்துக் காட்டுகிற அப்பாக்கள். டிக்கெட் ஜன்னலில் வரிசை தெருவரைக்கும். எல்லோருக்கும் கடைசி நாள் டிக்கெட் ஒன்று வேண்டும், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட, பைபிளில் வைக்க. டிசம்பரில் வாங்கியிருந்தால் வண்டி பிழைத்திருக்கும் என்று ஆரின் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டே விற்றார்.

மெல்வின் வழக்கமான இடத்தில், கடிகாரத்தூணுக்குப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு ஞாயிறும் வெர்னா ஏப்ரனோடு வாசல்வரை வந்து அவர் கையில் ருபார்ப் பைத் துண்டு ஒன்றைச் சுற்றிய பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அன்று பணிப்பெண்தான் வந்தாள். சீக்கிரம் உள்ளே வரச்சொல்கிறார்கள் என்றாள். கூட்டத்தில் புகுந்து அவர் ஜன்னல் பக்கம் போய்ச் சேர்ந்தபோது வெர்னா வரிசையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நல்ல கோட்டு, கால் பக்கத்தில் இரண்டு பெட்டி, ஒரு கயிறு கட்டிய அட்டைப்பெட்டி.

"சிகாகோவுக்கு ஒண்ணு," என்றார் வெர்னா.

ஆரின் பழக்க தோஷத்தில் போகவர டிக்கெட்டை எடுத்தார்.

"திரும்ப வர்ற வண்டியை நீயா ஓட்டப் போற, ஆரின்? போறதுக்கு மட்டும் குடு."

மெல்வின் பக்கத்தில் நிற்பது அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. டிக்கெட்டைக் கைப்பையில் வைத்துப் பூட்டியபடி, கடையை நேற்றே ஒப்படைத்தாகிவிட்டது, ஸ்டூலைக்கூட ஏலத்துக்கு எடுத்துப் போகிறார்கள், இனி அந்தக் காலி மேசையை எதற்காகத் துடைக்க என்றார். பிறகு மெல்வினிடம் அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் கூப்பிடாத அந்த மூன்றாவது தடவைக்கு இந்த டிக்கெட்தான் பதில் என்பது மெல்வினுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

வண்டி கிளம்பியதும் அவர் கடைசிப் பெட்டிக்குப் போகவில்லை. வெர்னாவுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர்த் தொட்டி, தானியக் கிடங்கு, கல்லறைத் தோட்டம், அண்ணன் வீட்டுச் சோளம், எல்லாம் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வெர்னாதான் முழங்கையால் இடித்தார்.

"போ. போய் எண்ணிட்டு வா. இல்லன்னா உனக்கு இருப்புக் கொள்ளாது."

போனார். முன்னூற்று எண்பத்தெட்டு. எம்மெட்டிடம் டிக்கெட் எத்தனை என்று கேட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக.

"முன்னூத்தி எண்பத்தேழு," என்றார் எம்மெட். துளை போடும் இடுக்கியை மூடி, திறந்து, மறுபடி மூடினார். "இன்னைக்கு இந்த வண்டியில ஓசியில போற ஒரே ஆளு நீதான் மெல்."

டிக்கெட் வரிசையில் நின்று திரும்பிய கதையை அப்போதுதான் மெல்வின் சொன்னாராம், வெர்னாவிடமும் எம்மெட்டிடமும். வெர்னா கேட்டுவிட்டு, தெரியும், உன் கையில் இருந்த கால அட்டவணையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன் என்றார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு வசந்த காலத்தில், வேலையாகச் சிகாகோ போன நான் அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். நாலாவது மாடி, சமையலறையோடு இரண்டு அறை. வெர்னா கீழ்த்தளத்து ஹோட்டலுக்குப் பைப் பலகாரம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். ருபார்ப் இங்கே நன்றாக இல்லை, தண்டு பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். மெல்வின் இன்னும் பாஸ் பிரிவில்தான் இருந்தார். இப்போது வண்டியே போகாத ஊர்களுக்குப் பாஸ் கேட்டு இன்னும் கடிதம் வருகிறது, எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன் என்றார். ஹாலிஸ் கிரீன் எப்படி இருக்கிறார், சர்ச்சுக்கு வெள்ளையடித்தார்களா, ஸ்டேஷன் பின்னால் லைலாக் பூத்துவிட்டதா என்று வரிசையாகக் கேட்டார். ஊருக்கு ஒரு தடவை வந்து போகலாமே என்றேன். எதில் வர என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. அலுவலகத்தில் மூன்று மணிக்கே விட்டிருந்தார்கள். பேசிக்கொண்டே இருந்தவர் நாலு பத்துக்கு எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தார். வெர்னா அடுப்படியிலிருந்து திரும்பாமலே, "உக்காரு மெல்வின்," என்றார். அவர் தொப்பியை மறுபடி மாட்டிவிட்டு உட்கார்ந்தார். நாலு நாற்பது வண்டி நின்று இரண்டு வருடம் ஆகியும், இது வாரம்தோறும் நடப்பது போலிருந்தது.

கிளம்பும்போது நான் எதில் வந்தேன் என்று கேட்டார். பஸ் என்றேன்.

"பஸ்ல எத்தனை பேரு?"

எண்ணவில்லை. கூட்டத்தை எண்ணியே சம்பளம் வாங்குகிற எனக்கு அது தோன்றவில்லை.  அவர் பார்த்த பார்வை கூடவே வந்தது. திரும்பும் பஸ்ஸில் கடைசி இருக்கைக்குப் போய் அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு. ஊர் வந்ததும் ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் வெர்னாவின் கையெழுத்தில் பதில் வந்தது. பன்னிரண்டு சரி, மெல்வின் இன்னொன்று கேட்கச் சொல்கிறார்: ஆல்மிராவில் எத்தனை பேர் இறங்கினார்கள்?

கூட்டத்தைக் கொஞ்சம் கூட்டி எழுதுவது எங்கள் தொழிலில் நடப்பதுதான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவரிடம் அது முடியவில்லை. ஒன்று என்று எழுதி அனுப்பினேன்.